இடுப்பு வலி, ஸ்லிப் டிஸ்க், கைரோ: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

நான் பினாங்குல பிசியோவா வேலை பாக்குறேன், 14 வருஷம் ஆச்சு, அதுல 6 வருஷம் பக்கத்து ரூம்ல ஒரு கைரோபிராக்டர் (கையால முதுகெலும்ப அழுத்தி அசைக்கிற வைத்தியரு, சுருக்கமா கைரோ) இருந்தாரு. அதனால கல்யாண வீட்டு பந்தில உக்காந்தாலும் சரி, கோயில் வரிசையில நின்னாலும் சரி, யாராவது ஒருத்தங்க இடுப்பப் புடிச்சிகிட்டு வந்து "மிஸ், ஒரு நிமிஷம்"னு ஆரம்பிச்சிருவாங்க. கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆளுதான் வேற. சரி ஒரு தடவ உக்காந்து எழுதிருவோம்னு எழுதுறேன். உங்க இடுப்ப நான் தொட்டுப் பாக்கல, அதனால இத படிச்சிட்டு டாக்டர் குடுத்த மருந்த நிறுத்திராதீங்க.

மிஸ், ஏன் இடுப்பு வலிக்குது? எலும்பு தேஞ்சு போச்சா?

பத்து பேர் வந்தா ஒம்போது பேருக்கு இதுதான் காரணம்னு ஒரே ஒரு எடத்த விரல் வெச்சு காட்ட முடியாது. கேக்க கடுப்பா இருக்கும், தெரியும். ஆனா அது நல்ல செய்திதான், ஏன்னா ஒடஞ்சது, கட்டி, கிருமி இந்த மாதிரி பயப்பட வேண்டிய விஷயம் இல்லன்னு அர்த்தம். உலக சுகாதார நிறுவனமே அப்படித்தான் சொல்லுது, இடுப்பு வலியில சுமார் 90 சதவீதம் இந்த ரகம். 2020ல உலகம் பூரா 619 மில்லியன் பேருக்கு இடுப்பு வலி இருந்துச்சாம், அதனால நீங்க மட்டும் பாவம் பண்ணிட்டு வரல.

முதுகெலும்புல மொத்தம் 33 எலும்பு, அதுல கழுத்துல 7, நெஞ்சுக்குப் பின்னாடி 12, இடுப்புல 5, இந்த 24தான் அசையும், கீழ இருக்குற மிச்சம் ஒட்டிகிட்டது. இந்த இடுப்பு 5தான் ஒடம்போட பாரத்த அதிகமா தாங்குது. அதச் சுத்தி தசை, ஜவ்வு, பின்பக்கம் சின்னச் சின்ன ஜாயின்ட், நடுவுல டிஸ்க், பக்கத்துல நரம்பு, இதுல எது வேணாலும் கோவிச்சுக்கலாம். நான் பாக்குற ஆளுங்கள்ல பாயான் லெப்பாஸ் பேக்டரியில பன்னெண்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னு ஷிப்ட் பாக்குறவங்க இருக்காங்க, பட்டர்வொர்த்துல இருந்து தெனமும் பாலத்துல மோட்டோல வர்றவங்க இருக்காங்க (பாலமே 13.5 கிலோமீட்டர், குனிஞ்ச மாதிரியே ஓட்டிட்டு வந்து இறங்குனா யாருக்குத்தான் நிமிர முடியும்), கேஸ் தோங்க (சிலிண்டர) ஒத்த கையில தூக்கி மாடி ஏத்துற அண்ணன்மாருங்க இருக்காங்க. கேஸ் மட்டும் 14 கிலோ, தோங்கோட சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

ஆனா தூக்குறதே தப்புன்னு நெனச்சிராதீங்க. ஒரு வருஷமா எதையும் தூக்காத ஆளு திடீர்னு ஒரு நாள் வீடு மாத்த அலமாரிய தூக்குறாரு பாருங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க. ஒடம்புக்குப் பழக்கம் இல்லாத பாரம், ஒரே பொசிஷன்ல ரொம்ப நேரம், தூக்கம் இல்லாம, மனசுல வீட்டு லோன் கவலை, இதெல்லாம் சேந்து ஒரு நாள் பல்லு வெளக்க குனியும்போது புடிச்சிக்கும். அப்புறம் அந்த பிரஷ் மேல பழி போடுவோம்.

வாயு புடிச்சிருக்குன்னு பாட்டி சொல்றாங்க?

பாட்டி பேச்ச நான் கிண்டல் பண்ண மாட்டேன், எங்க பாட்டியும் அதத்தான் சொன்னாங்க, எஸ்டேட்ல குனிஞ்சு குனிஞ்சு ரப்பர் மரம் சீவுனவங்க. மலாய்க்காரங்க 'ஆங்கின்'னு சொல்றதும் அதேதான். அவங்க வாயுன்னு சொல்றது பெரும்பாலும் தசை இறுகிப்போய் கட்டி மாதிரி புடிச்சிக்கிறதத்தான். சூடு வெச்சா, தைலம் தேய்ச்சா இளகுது, அதனால காத்து வெளிய போயிருச்சுன்னு நெனக்கிறாங்க. பேரு தப்பா இருக்கலாம், சூடு ஒத்தடம் தப்பில்ல.

ஸ்லிப் டிஸ்க்னா டிஸ்க் வழுக்கி வெளிய வந்துருச்சா?

இல்ல. இந்த பேர வெச்சவங்க மேல எனக்கு தனிக் கோவமே இருக்கு. டிஸ்க் மேல எலும்போடயும் கீழ எலும்போடயும் நல்லா ஒட்டிகிட்டு இருக்கு, சோப்பு மாதிரி வழுக்கி ஓடாது. பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) ஓண்டே-ஓண்டே உருண்டை வாங்கி கடிச்சிருப்பீங்கல்ல, வெளிய கெட்டியா, உள்ள குலா மெலாக்கா, அதான் உருகுன வெல்லம்? டிஸ்க்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், வெளிய நார் நாரா கெட்டி வளையம், உள்ள ஜெல்லி. வளையத்துல ஒரு பக்கம் பலவீனமாகி உள்ள இருக்குறது பிதுங்குனா அது பக்கத்துல இருக்குற நரம்ப எரிச்சல் பண்ணும். அதிகமா நடக்குறது கடைசி ரெண்டு எடத்துல, இடுப்பு நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல (ரிப்போர்ட்ல எல்4-எல்5), அஞ்சாவதுக்கும் அதுக்குக் கீழ ஒட்டிகிட்ட எலும்புக்கும் நடுவுல (எல்5-எஸ்1).

இங்கதான் யாரும் சொல்லாத ஒண்ணு: பிதுங்குனது நெறைய பேருக்கு தானா சுருங்கிடும். ஒடம்பே அத கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடும், மாசக்கணக்குல ஆகும், ஆனா நடக்கும். பெருசா பிதுங்குனதுதான் பல சமயம் நல்லா சுருங்குது, கேக்க விசித்திரமா இருந்தாலும். அதனால "உங்க டிஸ்க் போயிருச்சு, இனிமே அவ்ளோதான்"னு யாராவது சொன்னா அந்த ரூம்ல இருந்து எந்திரிச்சு வந்துருங்க.

இடுப்ப விட காலுதான் வலிக்குது, சுர்ருனு பாதம் வரைக்கும் இழுக்குது. அது என்ன?

சயாட்டிக்கா. இடுப்புல இருந்து புட்டம் வழியா கால் பின்பக்கமா எறங்குற நரம்பு அது, ஒடம்புலயே தடிமனான நரம்பு, சுண்டு விரல் தடிமன் இருக்கும்னு வெச்சுக்குங்க. வேர்ல அழுத்தம், வலி கிளையில. இருமுனா தும்முனா கரண்ட் அடிச்ச மாதிரி போகும். படுக்க வெச்சு கால மடக்காம நேரா தூக்கிப் பாப்போம், கால்ல அந்த இழுப்பு வந்தா சந்தேகம் பலமாகும்.

ஆனா ரெண்டு பாதமும் ஒரே மாதிரி மரத்துப்போய் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குன்னா, அதுவும் இனிப்பு நீர் உள்ளவங்களா இருந்தா, முதல்ல சக்கர அளவப் பாருங்க. இடுப்ப தேடிகிட்டு போய் ஆறு மாசம் வீணாக்குனவங்கள எனக்குத் தெரியும். நம்ம ஆளுங்கள்ல இனிப்பு நீர் இல்லாத வீடு எங்க இருக்கு சொல்லுங்க.

எம்.ஆர்.ஐ. எடுத்தா எல்லாம் தெரிஞ்சிருமே, எடுத்துடவா?

தேவையில்லாததும் தெரிஞ்சிரும், அதான் பிரச்சன. வலியே இல்லாத ஆளுங்கள கூட்டிட்டு வந்து ஸ்கேன் பண்ண ஆராய்ச்சிங்க எல்லாத்தையும் சேத்துப் பாத்தப்ப, 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிஞ்சது, 50 வயசுல 80 சதவீதம், 80 வயசுல 96. திருப்பியும் சொல்றேன், இவங்க யாருக்கும் வலி இல்ல. தலைமுடி நரைக்கிற மாதிரி முதுகுக்குள்ளயும் நரைக்குது, அவ்ளோதான். அந்த ரிப்போர்ட்ட கையில வெச்சிகிட்டு "டீஜெனரேஷன்"ங்கிற வார்த்தைய கூகுள்ல தட்டித் தட்டி தூக்கம் தொலைச்சவங்க ஏராளம்.

கீழ சொல்றேன் பாருங்க ஆபத்து அறிகுறிங்க, அது இருந்தா எடுக்கணும். ஆறு வாரம் ஒழுங்கா பாத்தும் கொறையலன்னா, இல்ல ஊசி, ஆபரேஷன்னு பேச்சு வந்தா எடுக்கணும். எக்ஸ்ரேல டிஸ்க்கும் நரம்பும் தெரியாது, எலும்புதான் தெரியும், அதனால நேத்து புடிச்ச இடுப்புக்கு இன்னிக்கு எக்ஸ்ரே எடுத்து பெருசா ஒண்ணும் கெடைக்காது.

எப்ப ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மத்ததெல்லாம் மேலோட்டமா படிச்சாலும் பரவால்ல, இத மட்டும் நிதானமா படிங்க. ஒண்ணுக்கு வருது ஆனா போக முடியல, இல்ல போறதே தெரியல, மலம் அடக்க முடியல, தொடை நடுவுல, சைக்கிள் சீட்டுல உக்காந்தா படுற அந்த எடம் மரத்துப் போச்சு, ரெண்டு காலும் பலம் இல்லாம போகுது. இதுல எது இருந்தாலும் கைரோ கிடையாது, பிசியோ கிடையாது, உருத் (மலாய் மசாஜ்) கிடையாது, நேரா எமர்ஜென்சி. 999 கூப்புடுங்க, இல்ல யாராவது காடில ஜி.எச்.க்கு கொண்டு போகட்டும். கீழ இருக்குற நரம்புக் கொத்து மொத்தமா நசுங்குதுன்னு அர்த்தம், அதுக்கு சீக்கிரம் ஆபரேஷன் பண்ணாத்தான் ஒண்ணுக்கு கட்டுப்பாடு திரும்ப வர வாய்ப்பு. வெக்கப்பட்டு "அத எப்படி டாக்டர்கிட்ட சொல்றது"ன்னு ரெண்டு நாள் வீட்டுல இருந்த ஒரு ஆண்டிய நான் பாத்திருக்கேன். அந்த ரெண்டு நாள யாரும் திருப்பிக் குடுக்க முடியாது.

அந்த அளவுக்கு அவசரம் இல்லன்னாலும் தள்ளிப்போடக் கூடாதது: காய்ச்சலோட இடுப்பு வலி, காரணமே இல்லாம எடை கொறையுறது, முன்னாடி கேன்சர் வந்தவங்களுக்கு புதுசா வலி, ராத்திரி படுத்தாலும் கொறையாத வலி, கீழ விழுந்து வந்த வலி, ஸ்டீராய்டு மாத்திர ரொம்ப நாளா சாப்புடுறவங்க. நம்ம நாட்டுல காசநோய் இன்னும் இருக்கு, அது நுரையீரல்ல மட்டும் வராது, முதுகெலும்புலயும் உக்காரும். பாதம் தூக்க முடியாம சிலிப்பர் கழண்டு கழண்டு விழுதா, அதையும் உடனே காட்டுங்க.

இன்னொண்ணு, சின்ன வயசுக்காரங்க, 40க்குக் கீழ, காலைல எந்திரிச்சா அரை மணி நேரத்துக்கு மேல கட்ட மாதிரி இருந்து நடந்தா கொறையுது, ஓய்வெடுத்தா கூடுதுன்னா அது மூட்டு வாத டாக்டர் பாக்க வேண்டிய விஷயமா இருக்கலாம்.

கைரோன்னா யாரு? டாக்டரா?

எம்.எம்.சி.ல (மலேசிய மருத்துவ மன்றத்துல) பதிஞ்ச மெடிக்கல் டாக்டர் இல்ல. மருந்து எழுத மாட்டாங்க, ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. கையால முதுகெலும்பு ஜாயின்ட்ங்கள சட்டுனு அழுத்தி அசைக்கிறதுதான் அவங்களோட முக்கிய வேலை. கிரேக்கத்துல கைன்னு ஒரு வார்த்த, செய்யிறதுன்னு ஒரு வார்த்த, ரெண்டையும் சேத்து வந்த பேரு.

தொடங்குன கதை கொஞ்சம் தமாஷ். 1895ல அமெரிக்காவுல அயோவா மாநிலம் டேவன்போர்ட்ல டி.டி. பால்மர்னு ஒருத்தர், காந்த வைத்தியம் பாத்துகிட்டு இருந்தவரு, அந்த கட்டிடத்துல துப்புரவு வேலை பாத்த ஹார்வி லில்லார்டோட முதுக அழுத்துனாரு, அவருக்கு காது கேக்க ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்னாரு. இடுப்பு வலிக்கே இல்ல, காதுக்கு! நூத்துக்கு 95 நோய் எலும்பு எடம் மாறுறதுனாலதான்னு வேற சொல்லிட்டாரு. அந்தப் பழைய பேச்சு இன்னும் சில எடத்துல ஒட்டிகிட்டு இருக்கு. உங்க கைரோ "சக்கர நோய், ஆஸ்துமா, புள்ளைக்குப் படிப்பு வராதது எல்லாத்தையும் சரி பண்ணிருவேன்"னு சொன்னா அது 1895ல இருந்து வர்ற குரல், கெளம்பிடுங்க. இடுப்பு வலி, கழுத்து வலி, சில வகை தலைவலின்னு பேசுறவங்ககிட்ட உக்காந்து பேசலாம்.

மலேசியாவுல 2016 வருஷத்து பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்துக்குக் கீழ கைரோ வருது, சட்டம் 775, நம்ம பாரம்பரிய இந்திய மருத்துவம், ஹோமியோபதி, சீன மருத்துவம் எல்லாம் இருக்குற அதே கூடை. எங்க பிசியோவுக்கு வேற சட்டம், 774. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில்ல ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்துல கைரோவுக்கு டிகிரியே இருக்கு. அதனால போர்டப் பாக்காதீங்க, "எங்க படிச்சீங்க, மஜ்லிஸ்ல பதிஞ்சிருக்கீங்களா"ன்னு கேளுங்க (மஜ்லிஸ்னா இந்த 775 சட்டத்துக்குக் கீழ இருக்குற மன்றம்). பதிஞ்சவங்க கோவிக்க மாட்டாங்க, சர்டிபிகேட்ட காட்டுவாங்க. வார கடைசி கோர்ஸ் முடிச்சிட்டு வீடியோவுல 'கிராக்' பண்ணி லைக் வாங்குற தம்பிங்கதான் கோவிப்பாங்க.

அந்த 'படக்'னு சத்தம், எலும்பு எடத்துக்கு வந்துருச்சுன்னு அர்த்தமா?

இல்ல. ஜாயின்டுக்குள்ள எண்ணெய் மாதிரி திரவம் இருக்கு, சட்டுனு இழுக்கும்போது உள்ள அழுத்தம் கொறைஞ்சு ஒரு வாயுக் குமிழி உருவாகுது, அந்தச் சத்தம்தான். கை விரல் சொடக்கு எடுக்கிறதும் இதேதான். (பாட்டிகிட்ட சொல்லுங்க, கடைசில வாயு இருக்குதான்.) எடம் மாறுன எலும்புன்னு ஒண்ணு இருந்து அது திரும்ப உக்காரல. சத்தம் வரலன்னா வேலை செய்யலன்னும் இல்ல, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ அதுக்காகவே கழுத்த நீங்களே திருப்பிக்கிட்டு இருக்காதீங்க.

அப்ப எப்படி வலி கொறையுது?

ஜாயின்ட் அசையுறதுனால அங்க இருந்து மூளைக்குப் போற தகவல் மாறுது, இறுகிப்போன தசை கொஞ்சம் விடுது, பயம் கொறையுது. அந்த லேசான நேரத்துல நீங்க நடக்குறீங்க, குனியுறீங்க, அதுதான் மிச்ச வேலைய பண்ணுது. நான் பக்கத்து ரூம்ல இருந்து பாத்தத வெச்சு சொல்றேன், கைரோ முடிச்சிட்டு வெளிய வந்து உடற்பயிற்சிய தொடர்ந்தவங்க திரும்ப வந்தது கொறைவு, படுத்து வாங்கிட்டு மட்டும் போனவங்க மாசாமாசம் வந்தாங்க.

ஆராய்ச்சியும் பெருசா வானத்துல தூக்கி வெக்கல. இடுப்பு வலிக்கு கையால பண்ற இந்த அழுத்தம் ஓரளவு உதவுது, உடற்பயிற்சி அளவுக்கு, மத்த வைத்தியங்க அளவுக்கு, அதுக்கு மேல இல்ல. 2017ல அமெரிக்க டாக்டருங்க சங்கம் ஒண்ணு முதல்ல மருந்து இல்லாத வழியப் பாருங்க, சூடு, மசாஜ், அக்குபஞ்சர், இந்த மாதிரி கை வைத்தியம்னு சொன்னாங்க. 2023 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஆபரேஷன் இல்லாத வழிங்கள்ல உடற்பயிற்சி, விளக்கிச் சொல்றது, மனசுக்கான சிகிச்சை இதுங்களோட சேத்து இதையும் வெச்சிருக்கு.

போனா என்ன பண்ணுவாங்க? பயமா இருக்கு.

நல்லவங்கன்னா மொத தடவ அரை மணி நேரம் கேள்விதான். எப்ப வந்துச்சு, கால்ல எறங்குதா, ஒண்ணுக்கு சரியா போகுதா, என்ன மருந்து. முட்டிய சுத்தியலால தட்டுவாங்க, கால் விரல தூக்கச் சொல்லி பலம் பாப்பாங்க. இதெல்லாம் இல்லாம கதவத் தொறந்த ரெண்டாவது நிமிஷம் கைய வெச்சா வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிம இருக்கு. எல்லாருக்கும் 'படக்' கிடையாது. வயசானவங்களுக்கு பேனா மாதிரி ஒரு சின்ன ஸ்பிரிங் சாமான் வெச்சு 'டக் டக்'னு தட்டுவாங்க, சில மேச நடுவுல மடங்கும், அதுல மெதுவா இழுத்து இழுத்து விடுவாங்க.

அன்னிக்கு ராத்திரி ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கலாம், ஒரு ரெண்டு நாள்ல போயிரும்.

யாரு போகக் கூடாது?

எலும்பு பலவீனமா இருக்கு, ஆஸ்டியோபோரோசிஸ்னு டாக்டர் சொன்னவங்க, எலும்பு முறிவு, முதுகுல கேன்சர் இல்ல கிருமி உள்ளவங்க, மேல சொன்ன ஒண்ணுக்கு விஷயம், கால் பலம் நாளுக்கு நாள் கொறையுறவங்க. வார்பரின் மாதிரி ரத்தம் ஒறையாம இருக்க மருந்து சாப்புடுறவங்க முதல்ல அவங்க டாக்டர கேக்கணும்.

கழுத்து தனிக் கதை. கழுத்த சட்டுனு திருப்புறதுல ரத்தக் குழாய் உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வர்றது ரொம்ப ரொம்ப அரிது, ஆனா நடந்திருக்கு. எனக்கு இடுப்பு வலி, எதுக்கு கழுத்த திருப்புறீங்கன்னு கேளுங்க. நான் என் கழுத்த குடுக்க மாட்டேன், அது என் சொந்த முடிவு. முடிவெட்டுற கடையில இலவசமா கழுத்த முறிக்கிறாங்களே, அதுக்கு அப்பாவி மாதிரி தலைய குடுக்குறத நிறுத்துங்க முதல்ல.

எத்தன தடவ போகணும்? பேகேஜ் எடுத்தா மலிவுங்கிறாங்க.

இதுக்கு என் வீட்டுக் கதையே சொல்றேன். எங்கப்பா லோரி ஓட்டுனவரு, 30 வருஷம், பிறையில இருந்து தெக்கால ஜொகூர் வரைக்கும். ஒரு ஞாயித்துக்கெழம ஷாப்பிங் மால்ல இலவச முதுகு செக்அப்னு மேச போட்டிருந்தாங்க, எடம் பேரு வேணாம், அப்பா போய் நின்னாரு. எக்ஸ்ரே எடுத்து கோடு போட்டு "அங்கிள் உங்க முதுகு இப்படி வளைஞ்சிருக்கு, இப்ப பாக்கலன்னா நாலஞ்சு வருஷத்துல சக்கர நாற்காலி"ன்னு சொல்லி பயமுறுத்தி 36 தடவைக்கு பேகேஜ், முழுப் பணமும் முன்னாடியே. என்கிட்ட சொல்லவே இல்ல, பிசியோ மக வீட்டுல இருக்கேன்! கார்டு பில்லு வந்தப்பதான் தெரியும். 14 தடவ போனாரு, ஒரே மாதிரி பத்து நிமிஷம், ஒரு உடற்பயிற்சி கூட சொல்லித் தரல.

அதனால என் கணக்கு இதான். நாலு தடவ, மிஞ்சிப்போனா ஆறு, ரெண்டு மூணு வாரத்துக்குள்ள. அதுக்குள்ள தூக்கம், நடை, குனியுறது இதுல ஏதாவது ஒண்ணுல தெளிவா முன்னேத்தம் தெரியணும். தெரியலன்னா வேற வழி பாருங்க, பத்தாவது தடவ அதிசயம் நடக்காது. ஒவ்வொரு தடவையும் அன்னன்னிக்கு காசு குடுங்க.

உருத், சின்சே (சீன வைத்தியரு), பிரிக்பீல்ட்ஸ் மசாஜ், பிசியோ, கைரோ... எதுக்குப் போக?

கோலாலம்பூர்ல இருக்குற என் மாமா பிரிக்பீல்ட்ஸ்ல கண்ணு தெரியாதவங்க பண்ற மசாஜ்ல சத்தியம் பண்ணுவாரு, எனக்கும் அதுல ஒண்ணும் மறுப்பு இல்ல, தசை இறுக்கத்துக்கு நல்லா இருக்கும். ஆனா மேல ஏறி மிதிக்கிறது, புதுசா வந்த நரம்பு வலி மேல முழங்கைய வெச்சு அழுத்துறது, இது வேணாம். பிசியோ என்ன பண்ணுவோம்னா, உங்கள வேலை வாங்குவோம். அதனாலதான் எங்கள யாருக்கும் புடிக்காது. கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்ல) ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டர பாத்து அங்க இருந்து பிசியோவுக்கு எழுதி வாங்கலாம், நாள் கொஞ்சம் காத்திருக்கணும். அந்த நாள்ல சும்மா படுத்திருக்காதீங்க.

பெல்ட்டு, கோயோக் (வலிக்கு ஒட்டுற பிளாஸ்திரி), கோடாலித் தைலம், இழுக்குற மிஷின்?

கோயோக்கும் தைலமும் வலிய கொஞ்ச நேரம் மறக்கடிக்கும், தோல் எரியாம பாத்துக்குங்க, அதுக்கு மேல ஹீட் பேட் வெச்சு வெந்து போய் வந்தவரு ஒருத்தரு உண்டு. பெல்ட்டும் இழுக்குற மிஷினும் நாள்பட்ட வலிக்கு வேணாம்னு அந்த 2023 அறிக்கையிலயே இருக்கு. பெல்ட் போட்டுகிட்டே இருந்தா பெல்ட் இல்லாம குனியவே பயம் வந்துருது, அதத்தான் நான் அதிகமா பாக்குறேன்.

எத்தன நாள் படுக்கணும்? எம்.சி. (மெடிக்கல் லீவு) ஒரு வாரம் கேக்கவா?

ரொம்ப முடியலன்னா ஒண்ணு ரெண்டு நாள், அதுவும் அப்பப்ப எந்திரிச்சு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகிட்டு. படுக்கப் படுக்க இறுகும். பெரும்பாலான புது வலி ஆறு வாரத்துக்குள்ள நல்லா கொறைஞ்சிரும், நீங்க என்ன பண்ணாலும் பண்ணாட்டியும் கிட்டத்தட்ட. (எல்லா வைத்தியருக்கும் நல்ல பேரு வர்றதுக்கு இதுதான் ரகசியம், எனக்கும் சேத்துதான்.) நடங்க, மொத நாள் அஞ்சு நிமிஷம் போதும். வலி கொஞ்சம் இருக்கும்போதே நடக்கலாம், வலிக்குதுங்கிறதுக்காக உள்ள ஏதோ ஒடையுதுன்னு இல்ல.

வேலை எடத்துல விழுந்தோ தூக்கும்போதோ அடிபட்டிருந்தா அன்னிக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லி எழுத்துல பதிய வைங்க, டாக்டர்கிட்டயும் வேலையில நடந்துச்சுன்னு சொல்லுங்க. முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள பெர்கெசோவுக்கு (தொழிலாளர் காப்புறுதி நிறுவனத்துக்கு) தெரிவிக்கணும். வேலைக்குப் போற வழியில மோட்டோல விழுந்தாலும் பெர்கெசோ உண்டு. வெக்கப்பட்டு கோயோக் ஒட்டிகிட்டு ஷிப்ட முடிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு போய் நின்னா யாரு நம்புவாங்க?

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான் வலி. பத்து வருஷம் ஆச்சு.

நம்ம பொம்பளைங்க எல்லாரும் சொல்ற கதை. ஊசி போட்ட எடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். ஆனா வருஷக்கணக்கான வலிக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் இருக்கான்னு ஆராஞ்சு பாத்திருக்காங்க, ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. பின்ன ஏன் வலிக்குது? ஒம்போது மாசம் வயித்து தசை இழுபட்டு, அத வெட்டித் தெச்சு, அப்புறம் தூக்கமே இல்லாம புள்ளைய ஒரு பக்க இடுப்புல வெச்சு தூக்கி, வாளி தண்ணியும் தூக்கி, அந்த வயித்து தசைய திரும்ப பலமாக்க யாரும் சொல்லித் தரல. ஊசி மேல பழி போட்டுட்டு விட்டுட்டோம். பத்து வருஷம் கழிச்சும் அத பலமாக்கலாம், 58 வயசு அக்கா ஒருத்தங்க என்கிட்ட ஆரம்பிச்சு இப்ப 10 கிலோ அரிசி பைய கூசாம தூக்குறாங்க.

தைப்பூசத்துக்கு காவடி எடுக்கலாமா?

ஜனவரி வந்தா இதான். வேண்டுதல்ல நான் தலையிட மாட்டேன். ஆனா தண்ணீர்மலையில 500க்கு மேல படி, அதுவும் விடிய விடிய நடந்து வந்து கடைசில. இப்ப கால்ல இழுப்பு இருக்கு, பாதம் மரக்குதுன்னா இந்த வருஷம் பால்குடத்தோட நிறுத்திக்குங்க, முருகன் கணக்கு பாக்க மாட்டாரு. வலி பழசு, நடக்க முடியுதுன்னா நவம்பர்ல இருந்தே படி ஏறிப் பழகுங்க, முதுகுல பைய மாட்டி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா எடைய ஏத்துங்க. விரதம் இருக்கோம், வேற எதுவும் தயாராகல, திடீர்னு 30 கிலோவ தோள்ல ஏத்துனா சாமி காப்பாத்தும், இடுப்பு காப்பாத்தாது.

ஆபரேஷன் எப்பதான் தேவை?

அந்த ஒண்ணுக்கு விஷயம்னா உடனே. கால் பலம் கொறைஞ்சுகிட்டே போனா சீக்கிரம். கால் வலி ஆறு வாரத்துக்கு மேல தாங்க முடியாம இருந்து, ஸ்கேன்ல தெரியிறதும் வலி இருக்குற எடமும் சரியா பொருந்துனா யோசிக்கலாம். ஆபரேஷன் பண்ணவங்களுக்கு கால் வலி சீக்கிரம் போகுது, ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா பண்ணவங்களும் பண்ணாதவங்களும் கிட்டத்தட்ட ஒரே எடத்துல வந்து நிக்கிறாங்க. அதனால அவசரம் இல்லாத கேஸ்ல முடிவு உங்களோடது. கால் வலியே இல்லாத வெறும் இடுப்பு வலிக்கு ஆபரேஷன்னு சொன்னா இன்னொரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

எந்த மெத்தை நல்லது?

ரொம்ப கல்லு மாதிரியும் வேணாம், ஊஞ்சல் மாதிரி குழியறதும் வேணாம். ஆயிரக்கணக்குல வெள்ளி போட்டு வாங்குறதுக்கு முன்னாடி முட்டிக்குக் கீழ ஒரு தலகாணி வெச்சு படுத்துப் பாருங்க.

உங்க அப்பா இப்ப எப்படி இருக்காரு?

நல்லா இருக்காரு. தெனமும் காலைல யூத் பார்க்ல நடக்குறாரு, நடந்து முடிச்சிட்டு ரொட்டி சானாய் ரெண்டு அடிக்கிறாரு, அத நான் தடுக்க முடியல. எப்பவாவது இடுப்பு புடிச்சா ரெண்டு நாள் புலம்பிட்டு மூணாவது நாள் கெளம்பிடுவாரு. சக்கர நாற்காலி இன்னும் வரல. அந்த பேகேஜ்ல மிச்சம் இருந்த 22 தடவையோட பணமும் இன்னும் வரல.